தாண்டவராயன் விட்டுப் பார்த்த ராக்கெட்டுகள்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் எனக்கு ஒரு வளையல் கடை. இந்திராணி வளையல் ஸ்டோர் என்றால் குன்றத்தூர் வரை தெரியும். ஆனால் அந்தப் பெயரோடு நிம்மதியாக வியாபாரம் செய்ய என் பக்கத்துக் கடைக்காரர் என்னை விட்டதே இல்லை. பக்கத்தில் இருந்தது பொம்மைக் கடை. முதலாளி தாண்டவராயன். நான் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வளையலை மெல்ல ஏற்றிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு தகரத் தவளை துள்ளிவந்து என் மேஜை மேல் உட்காரும். பின்னாலேயே அவரும் வருவார்.

"கோச்சுக்காத தங்கச்சி. சாவி கொஞ்சம் ஜாஸ்தி குடுத்துட்டேன்."

தவளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வந்தவள் பயந்து கையை இழுத்ததில் உடைந்த வளையலை நான் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. சொந்த ஊர் வடக்குப்பட்டு. அப்பா, சித்தப்பா, அண்ணன்கள் எல்லாரும் நெல் போட்டவர்கள். இவர் மட்டும் தன் பங்கு நிலத்தை அண்ணனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பொம்மைக் கடை வைத்தார். ஏன் என்று கேட்டால், "நெல்லு மொளைக்கிறத எவ்ளோ நேரம்தான் பாத்துகினு நிக்கிறது?" என்பார். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. அதனால் யாரிடமும் அதற்குப் பதிலும் இல்லை.

அவர் வியாபாரத்துக்கு ஒரே சட்டம்தான். "நான் வெளையாடிப் பாக்காம எதையும் விக்க மாட்டேன்." இதைக் கேட்டதும் ரொம்ப நேர்மையான மனிதர் என்று நினைக்கத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மனிதருக்கு விளையாட ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். கடை வாசலில் நாலு பேர் காத்து நிற்பார்கள். உள்ளே இவர் தரையில் கவிழ்ந்து படுத்து, ரயில் வண்டி வளைவில் திரும்புகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்டதைக் கொடுக்கமாட்டார். குழந்தைக்கு எது சரி என்று அவர்தான் முடிவு செய்வார்.

"டமாரம் வேணும்பா."

"புள்ளையோட அப்பா எங்க வேல?"

"பெங்களூர் ரோட்டு போல்ட் கம்பெனிலதான்."

"நைட் ஷிஃப்டா?"

"ஆமா."

"அப்ப டமாரம் கெடையாது. பகல்ல அந்த மனுசன் எப்படித் தூங்குவான்? பம்பரம் எடுத்துக்கோ."

வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே பம்பரத்தோடு போவார்கள். மீதிப் பாதி திட்டிக்கொண்டே காஞ்சிபுரம் பஸ் ஏறுவார்கள், டமாரம் வாங்க.

இந்த மாதிரிக் கடை எப்படி ஓடும்? ஓடவில்லை. வீட்டை ஓட்டியது அவர் மனைவி சின்னப்பொண்ணு. அவர் அண்ணன் வயலில் களை எடுத்து, நாற்று நட்டு, மாடு கறந்து, அந்தப் பாலை ஊருக்கே ஊற்றிவிட்டுச் சாயங்காலம் கணவரைக் கூட்டிப்போகக் கடைக்கு வருவாள். வருவாளே தவிர உள்ளே கால் வைக்கமாட்டாள். வெளியில் நின்று, "மாமா, வெளையாண்டது போதும், வூட்டுக்கு வா" என்பாள். பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடும் அதே குரல். எனக்குச் சிரிப்பாக வரும். அவள் பாதத்தில் காய்ந்திருக்கும் சேற்றைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். கோபம்தான் வரும், அந்த மனிதர் மேல்.

அவளுக்கு ஒரு அண்ணன், பரசுராமன். போல்ட் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்தார். தங்கை கஷ்டப்படுவது பொறுக்காமல் மச்சானுக்கு ஒரு வேலை பிடித்துவிட்டார். பேக்கிங் செக்ஷனில். அதோடு நிற்காமல், கண்ணாலேயே அளவெடுத்துக் காக்கி யூனிஃபார்ம் ஒன்றும் தைத்துக்கொண்டுவந்து பொம்மைக் கடை ஆணியில், பலூன் கொத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

"தீபாவளிக்கு அப்புறம் ஜாயின் பண்ணணும் மச்சான். நான் பேசிட்டேன்."

தாண்டவராயன் அந்தக் காக்கியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"போய்த்தான் ஆவணும் மாமா. என் முதுகு வளஞ்சி பூட்ச்சு" என்றாள்.

அன்று மத்தியானம் தாண்டவராயன் என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தார். கையில் பொம்மை ஒன்றும் இல்லை. நான் அவரை வெறுங்கையோடு பார்த்தது அன்றுதான்.

"அவ சொல்றது நாயந்தான் தங்கச்சி. ஆனா அது பொருள பொட்டிக்குள்ள போட்டு மூடற வேல. நான் பொட்டியத் தொறக்கறவன்."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. தவளையாவது கொண்டுவந்து குதிக்கவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் ராக்கெட் வந்தது. அந்த வருஷம், எண்பதாம் வருஷம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்முடைய ராக்கெட் ஒழுங்காக மேலே போயிருந்தது. ஊரில் எல்லாருக்கும் ராக்கெட் ஜுரம். சலூனில் ராக்கெட் படம், டீக்கடையில் ராக்கெட் பேச்சு. போல்ட் கம்பெனி மேனேஜர் கோதண்டராமனுக்கு ஜுரம் தலைக்கே ஏறிவிட்டது. தீபாவளிக்குத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பா இந்த வருஷம் வேண்டாம், ஆளுக்கு ஒரு விளையாட்டு ராக்கெட் செட் கொடுப்போம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் தாங்களே பூட்டி, தாங்களே விட வேண்டுமாம். யார் சப்ளை செய்வது? பரசுராமன் வாய் தவறி, தன் மச்சான் பொம்மைக் கடை வைத்திருப்பதைச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜை அன்று கம்பெனி மைதானத்தில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள், சரியாகப் போனால் ஆர்டர் அவருக்குத்தான் என்றார் மேனேஜர்.

தாண்டவராயன் சேதி கேட்டதும் மனைவியிடம் ஓடினார்.

"இது மட்டும் நல்லபடியா ஆச்சுன்னா கடைய என்கிட்டயே வுட்டுடுறியா?"

சின்னப்பொண்ணு யோசித்தாள். "ஆச்சுன்னா வெச்சிக்கோ. இல்லன்னா ஒரு வார்த்த பேசாம காக்கியப் போட்டுக்கணும். சத்தியம் பண்ணு."

அவர் சத்தியம் செய்தார். எதன் மேல் என்று நினைக்கிறீர்கள்? தகரத் தவளை மேல்.

மறுநாளே மதராஸுக்குப் போய் மூன்று தினுசு ராக்கெட் வாங்கிவந்தார். மூன்றையும் விட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பாராம். ஏரி காய்ந்து கிடந்தது. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போவார். என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார். எனக்கு வேலை இல்லையா என்று திட்டிக்கொண்டேதான் போவேன். ஆனால் ஒருநாள்கூடப் போகாமல் இருக்கவில்லை.

முதல் தினுசு, ரப்பரில் கோத்து உண்டிவில்லைப் போல இழுத்து விடுவது. மேலே போனதும் சின்னப் பாராசூட் விரியும். தாண்டவராயன் இழுத்து விட்டார். ராக்கெட் நேராகக் கரைப் புளியமரத்துக்குள் போய், அங்கேதான் பாராசூட்டை விரித்தது. ஒரு காக்காய் வந்து அந்தப் பாராசூட்டைக் கொத்திக்கொண்டு பறந்தது. கூடு கட்டத் துணி தேடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"இது வேணாம்" என்றார். "மொத ராக்கெட்டு திரும்பிக் கைக்கு வரணும் தங்கச்சி. எவ்ளோ ஒசரம் போச்சின்றது பெருசு இல்ல. போனது வரலன்னா புள்ள அழும். அப்புறம் ரெண்டாவது ராக்கெட்ட தொடவே தொடாது."

சில நேரம் இந்த மனிதர் சரியாகவும் பேசிவிடுவார். அப்போதெல்லாம் அதைப் பாராட்டக்கூடாது, பாராட்டினால் அன்று முழுக்கப் பேசுவார்.

இரண்டாவது, பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. பெட்டி மேல் மஞ்சள் தலைமுடியோடு ஒரு பையன் சிரிப்பான். உள்ளே அட்டைக் குழாய், காகிதம் போல மெல்லிய மரச் சிறகு, மருந்து அடைத்த ஒரு குப்பி. விளக்கத் தாளில் ஒரு எழுத்தும் புரியவில்லை. மைதாப் பசை காய்ச்சிச் சிறகுகளை ஒட்டி, வெயிலில் காயவைத்தார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு ஆடு பசையோடு சிறகுகளையும் தின்றுவிட்டது. பரவாயில்லை என்று கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து மூன்று சிறகு வெட்டி ஒட்டினார். அது பரசுராமன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. அதை ஏன் சொல்கிறேன் என்றால், பரசுராமனே அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்து இறங்கினார், மச்சான் என்ன செய்கிறார் என்று பார்க்க.

திரியில் நெருப்பு வைத்தார். ராக்கெட் மேலே போகவில்லை. படுத்துக்கொண்டது. படுத்தபடியே சீறிக்கொண்டு ஏரிக்குள் ஓடியது. அசைபோட்டுக்கொண்டு நின்ற எருமையின் நாலு காலுக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்து, எதையோ மறந்தது போல வட்டமடித்துத் திரும்பி, பரசுராமனின் சைக்கிள் சீட்டில் போய் முட்டிப் புகைந்தது. எருமை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது. பரசுராமன் அப்படி விடவில்லை.

"என் சீட்டு! என் வூட்டுக் கல்யாணப் பத்திரிக! உனுக்கு இன்னாய்யா கெடுதல் பண்ணேன் மச்சான்?"

"தீ வேணாம். புள்ளைங்களுக்கு ஆவாது" என்றார் தாண்டவராயன், சைக்கிள் மேல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே. கம்பெனியில் போய்ச் சொல்ல வேண்டாம் என்று நான் பரசுராமனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். இந்தச் சிநேகத்தில் எனக்கு மிஞ்சியது இப்படிப்பட்ட வேலைகள்தான்.

மூன்றாவது தினுசுதான் தண்ணீர் ராக்கெட். சிவப்பு பிளாஸ்டிக்கில் முழங்கை நீளம். மூன்று சிறகுகளை நாமே சொருக வேண்டும். வயிற்றில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, கீழே சின்னப் பம்பைப் பொருத்தி, காற்றடித்து, கொக்கியை விட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு கிளம்பும். நெருப்பில்லை, மருந்தில்லை. நனைவதோடு சரி. பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான் தங்கச்சி. மொதமொதல்ல வுடற புள்ளைக்கு இதான். தண்ணி எல்லார் வூட்லயும் கீது. எத்தினி வாட்டி வேணா வுடலாம்."

விட்டார். ராக்கெட் தென்னை உயரம் போனது. அங்கே ஒரு குட்டிக்கரணம் போட்டது. பிறகு மூக்கைக் கீழே திருப்பி, நேராக அவரைக் குறிவைத்து இறங்கியது. நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். மறுபடி விட்டார், மறுபடி கரணம். இடம் மாற்றினார், தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார், கிழக்கே பார்த்து நின்றார். அந்த ராக்கெட் அவர் போகிற இடமெல்லாம் துரத்தித் துரத்தி வந்தது.

"திரும்பி வரணும்னு நீதானே கேட்டே அண்ணே. வந்துகினே கீது பாரு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சட்டையெல்லாம் நனைந்து, நெற்றியில் ஒரு புடைப்போடு ஏரி நடுவில் நின்றார். "நாளைக்கு ஆயுத பூஜ, தங்கச்சி" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் கேலியெல்லாம் எனக்கு எங்கோ போய்விட்டது. மூன்றில் இதுதான் சரி, ஆனால் இதுவும் சரியில்லை. கடை போகப் போகிறது என்று எனக்கும் தெரிந்தது. என்னைப் படாதபாடு படுத்திய அந்தக் கடை போனால் எனக்கு ஏன் அழுகை வர வேண்டும்? வந்தது.

ஆயுத பூஜை அன்று கம்பெனிக்கு நானும் போனேன். சின்னப்பொண்ணு தனியாக வரமாட்டேன் என்றாள். காக்கியைத் துவைத்து மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். ராக்கெட் கவிழ்ந்தால் அங்கேயே மாட்டிவிடும் உத்தேசம். பரசுராமன் அரைகுறையாகக் கருகிய சீட்டில் உட்கார்ந்து சைக்கிளில் எங்களுக்கு முன்னால் போனார்.

கம்பெனி பூராவும் மாவிலைத் தோரணம். லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்கு மாலை. பூஜை ஏற்பாடெல்லாம் கேன்டீன் பாப்பம்மாள் கையில். பெரிய மனுஷி, பெரிய கை. ஒரு எவர்சில்வர் வாளி நிறையச் சந்தனம் கரைத்துக்கொண்டு வாசலிலிருந்து ஆரம்பித்தாள். மெஷினுக்கு வைத்தாள், டைப்ரைட்டருக்கு வைத்தாள், டைம் ஆபீஸ் கடிகாரத்துக்கு வைத்தாள், தீ அணைக்கும் மணல் வாளிக்கு வைத்தாள். நடந்துபோன ஒரு சூப்பர்வைசருக்கும் வைத்துவிட்டுத்தான் அவர் மனிதர் என்று கவனித்தாள். கம்பெனி வேன்களுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கினார்கள்.

கடைசியில் தாண்டவராயன் ராக்கெட்டோடு மைதானத்துக்கு வந்தார். மேனேஜர் கோதண்டராமன் முன்வரிசை நாற்காலியில். பக்கத்தில் மேஜை மேல் எல்லாருக்கும் கொடுக்கப் பொரி மலைபோலக் குவித்திருந்தது. சுற்றிலும் தொழிலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள்.

"நில்லுப்பா!" என்று பாப்பம்மாள் குறுக்கே வந்தாள். "இதுவும் வண்டிதானே? பூஜ போடாம எப்படிக் கெளப்புவே?"

ராக்கெட்டைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்குப் பெரிய குழப்பம்.

"இன்னாப்பா இது, இதுக்குச் சக்கரமே இல்ல? எலுமிச்சம்பழத்த எங்க வெச்சி நசுக்கறது?"

மேனேஜர்கூட யோசித்தார். ஒரு வண்டிக்கு எலுமிச்சம்பழம் இல்லாமல் போவதா? பாப்பம்மாளே தீர்ப்பு சொன்னாள். "செரி, பழத்துக்குப் பதிலா சந்தனத்த ஜாஸ்தியா வெச்சிடறேன். சாமி ஒண்ணியும் சொல்லாது." வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி கெட்டிச் சந்தனத்தை அள்ளி ராக்கெட்டின் மூக்கில் அப்பினாள். போதாது என்று இன்னொரு பிடி. அழுத்தி உருட்டிவிட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். சிவப்பு ராக்கெட் எலுமிச்சம்பழ அளவுக்கு மூக்கு வீங்கி நின்றது.

தாண்டவராயன் முகத்தில் ஈயாடவில்லை. சும்மாவே கரணம் போடுகிற ராக்கெட். இவ்வளவு பாரத்தோடு தரையை விட்டு எழும்புமா? அவர் கை தன்னையறியாமல் மூக்கைத் துடைக்கப் போனது.

"அய்ய! சாமிக்கு வெச்சதத் தொடைக்கிறியா நீ?" என்று பாப்பம்மாள் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பியது. கையை எடுத்துக்கொண்டார். வேறு வழியில்லை. தண்ணீர் ஊற்றினார். பம்பு அடித்தார். சின்னப்பொண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காக்கியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். நான் ஆண்டாளையும் ஆதிகேசவப் பெருமாளையும் குன்றத்தூர் முருகனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

கொக்கியை விட்டார்.

ராக்கெட் நேராகப் போனது. கொஞ்சம்கூட ஆடாமல், வளையாமல், கம்பெனித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேலே போனது. வெயிலில் சிவப்பாக ஒரு பொட்டு. அங்கே நின்றது. பிறகு அழகாக மூக்கைத் திருப்பிக்கொண்டு இறங்கி, மைதானத்துப் புல்லில் விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் வேன் டிரைவர் பயந்துபோய் ஹாரன் அடித்தார்.

தாண்டவராயன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். போனதைவிட, ஏன் போனது என்று தெரியாததுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"இன்னொரு தடவை!" என்றார் மேனேஜர்.

விழுந்த வேகத்தில் சந்தனம் உதிர்ந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. தாண்டவராயன் மறுபடி தண்ணீர் ஊற்றி விட்டார். பழைய ராக்கெட் திரும்பி வந்துவிட்டது. தென்னை உயரத்தில் கரணம், மூக்குக் கீழே, நேராக முன்வரிசை. மேனேஜர் குனிந்துகொண்டார். அவர் தலைக்கு மேல் பறந்துபோய்ப் பொரி மலைக்குள் தலைகுப்புறப் புகுந்தது. பொரி எழும்பி எல்லார் தலையிலும் கொட்டியது. மேனேஜர் மீசையில் ஒன்று, பரசுராமன் காதில் ஒன்று. சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்தாள். காக்கியின் மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். தாண்டவராயன் அதைப் பார்த்துவிட்டார்.

அதற்குள் பாப்பம்மாள் வாளியோடு வந்துவிட்டாள். "சந்தனம் இல்லாம வுட்டா இப்படித்தான் ஆவும்! அறிவு வேணாம்?" என்று பொரிக்குள்ளிருந்து ராக்கெட்டை இழுத்து, மூக்கில் மறுபடி இரண்டு பிடி அப்பினாள். "இப்ப வுடு."

விட்டார். நேராகப் போனது.

சந்தனத்தை எடுத்துவிட்டு விட்டார்கள், கரணம். வைத்து விட்டார்கள், நேர். கம்பெனியே ஏகமனதாகக் கைதட்டியது. மேனேஜர் மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மூக்கில் வெயிட் இருக்கணும், அதான் விஷயம். எனக்கு முதலிலேயே தெரியும்" என்றார். பாப்பம்மாள், "சாமி கீது, அதான் விஷயம்" என்றாள். பரசுராமன் அன்றைக்கு ராகுகாலம் முடிந்த நேரத்தை ஒரு காரணமாகச் சொன்னார். எங்கள் வீட்டில் சந்தனம் வைக்கமாட்டோமே என்று கேட்டார் ஃபிட்டர் தாவீது.

"மாதா கோயில் மெழுகுவத்தி கீதா?" என்றார் தாண்டவராயன். "உருக்கி மூக்குல ஒட்டு. அதுவும் பாரந்தான்."

மெழுகு சந்தனத்தைப் போல உதிராது என்பது அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எல்லா ராக்கெட்டுக்கும் மெழுகே வைத்துவிடலாமே என்றார். பாப்பம்மாள் இடுப்பில் கை வைத்தாள். கடைசியில் எல்லாப் பெட்டியிலும் ஒரு மெழுகு உருண்டை, கேட்கிறவர்களுக்கு மெழுகின் மேல் பாப்பம்மாள் கையால் ஒரு சந்தனப் பொட்டு என்று முடிவாயிற்று. ஆர்டர் தாண்டவராயனுக்குத்தான் என்று மேனேஜர் அங்கேயே சொல்லிவிட்டார்.

சின்னப்பொண்ணு காக்கியை மறுபடி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சந்தோஷமா கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை. அவள் முதுகுதான் தெரிந்தது. கொஞ்சம் வளைந்துதான் இருந்தது.

பெட்டிகள் மதராஸிலிருந்து லாரியில் வந்து இறங்கியபோது கடை கொள்ளவில்லை. பாதி என் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் எடுத்துக்கொடுக்க, தாண்டவராயன் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, மூக்குக்கு மெழுகு உருட்டிப் போட்டு, மூடிக்கொண்டிருந்தார். தீபாவளி நெருங்கிவிட்டது. மறுநாள் கம்பெனியில் கொடுத்தாக வேண்டும். அப்போது சின்னப்பொண்ணு வந்தாள். வழக்கம்போல வாசலில் நின்றாள். வழக்கம்போலக் கூப்பிடவில்லை. எங்கள் இருவரையும் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள்.

செருப்பை விட்டுவிட்டுக் கடைக்குள் வந்தாள்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. தாண்டவராயன் கையிலிருந்த மெழுகு கீழே விழுந்தது.

"இதெல்லாம் வுட்டுப் பாத்தியா மாமா?" என்றாள்.

"ஒண்ண வுட்டேனே. அன்னிக்கு."

"மிச்சம்?"

"மிச்சம்... எல்லாம் ஒரே தினுசுதான் சின்னப்பொண்ணு. நேரமில்ல."

அவள் இடுப்பில் சேலையைச் செருகினாள். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து மறுபடி ஆணியில் மாட்டியிருந்த காக்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு பெட்டிக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"வெளையாடிப் பாக்காம எப்படி விக்கிறது? ஏரிக்கு வா."

அவர் அழுதார். சத்தியமாகச் சொல்கிறேன், நின்ற இடத்தில் நின்று, மெழுகு ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். இமையில் மெழுகு ஒட்டிக்கொண்டு ஒரு கண் திறக்கவே இல்லை. ஒற்றைக் கண்ணோடு அவர் பெட்டியைத் தேடித் தடுமாறுவதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். முதல் ராக்கெட்டைச் சின்னப்பொண்ணுதான் விட்டாள். கொக்கியை விடும்போது வீல் என்று கத்தினாள். சிவப்பாக மேலே போனதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அப்படி நேராக நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. ராக்கெட் இறங்கி வந்து அவள் காலடியில் விழுந்தது. எடுத்து, தோளில் இருந்த காக்கியால் ஈரத்தைத் துடைத்து, பெட்டியில் வைத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"இது நல்லா கீது. அடுத்தது குடு மாமா."

இருட்டும் முன்னால் முடிக்க வேண்டும் என்று நான் பறந்தேன். இருவரும் என்னைக் கவனிக்கவே இல்லை. காக்கி சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது.